இன்னும் கொஞ்சம்

சிரிப்பு வாயு என்று ஒன்று இருப்பதைப் பல் வைத்தியரிடம் போய் வந்தவர்கள் கேள்விப்பட்டிருப்பார்கள். நைட்ரஸ் ஆக்ஸைடு என்பது அதன் சாஸ்திரப் பெயர். 1799-ம் ஆண்டில் இங்கிலாந்திலே பிரிஸ்டல் நகரில் ஹம்ப்ரி டேவி என்ற இருபது வயது இளைஞர், தம் உடம்பையே சோதனைச் சாலையாக்கிக்கொண்டு அதை முகர்ந்து பார்த்தார். மனத்தில் குதூகலம் பொங்கியது, வலி மறைந்தது. ரண சிகிச்சைக்கு இது பயன்படக்கூடும் என்று 1800-ல் வெளியிட்ட புத்தகத்தில் எழுதியும் வைத்தார். உலகம் சட்டை செய்யவில்லை. வேடிக்கைக்காக முகர்ந்து சிரிப்பதற்கு அது போதும் என்று விட்டுவிட்டது. 1844-ல் அமெரிக்காவில் ஹோரேஸ் வெல்ஸ் என்ற பல் வைத்தியர் அதை முகர்ந்துகொண்டு தம் பல்லையே பிடுங்கச் சொன்னார். டேவி எழுதியது வீண் போகவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது.

இதே வாயுவுக்கு இன்னோர் உத்தியோகமும் உண்டு என்பதை எனக்குச் சொன்னவன் என் சகோதரியின் பிள்ளை. அமெரிக்காவில் என்ஜினீயராக இருக்கிறான். ஞாயிற்றுக்கிழமைகளில் கால் மைல் தூரத்துக்குக் காரை விரட்டிப் போட்டியிடுவது அவனுடைய பொழுதுபோக்கு. கால் மைலைக் கடக்கப் பத்துப் பன்னிரண்டு வினாடி ஆகிறதாம். அதில் அரை வினாடியைக் குறைக்க எத்தனை மாதச் சம்பளம் செலவானாலும் அவனுக்குச் சம்மதந்தான்.

"மாமா, என் காருக்குச் சிரிப்பு வாயு வைக்கப் போகிறேன்" என்றான் டெலிபோனில்.

"கார் சிரிக்குமா?" என்று கேட்டேன்.

"பறக்கும்!" என்றான்.

அவன் விளக்கியதை எனக்குப் புரிந்த மட்டில் சொல்லுகிறேன். எஞ்சினுக்குள் பெட்ரோலை எவ்வளவு வேண்டுமானாலும் ஊற்றலாம். அது எரிவதற்கு வேண்டிய மூச்சு அல்லவா அகப்பட வேண்டும்? காற்றின் எடையில் நூற்றுக்கு 23 பங்குதான் பிராணவாயு. சிரிப்பு வாயுவில் 36 பங்கு இருக்கிறது. அது தானாக எரிவதில்லை. எஞ்சினின் உஷ்ணத்தில் பிரிந்து, தன்னிடமுள்ள பிராணவாயுவை விடுவிக்கிறது. கூடவே பெட்ரோலையும் அதிகமாக விட்டால் தீ பெரிதாகும், பலமும் பெருகும். பெட்ரோலை அதிகப்படுத்தாமல் வாயுவை மட்டும் விட்டாலோ, உஷ்ணம் தாங்காமல் பிஸ்டனே உருகிப் போகும். (காருக்கென்று அந்த நாட்டில் விற்கும் வாயுவில் கொஞ்சம் கந்தக டையாக்ஸைடு கலந்துவிடுகிறார்களாம், யாரும் முகர்ந்து சிரித்துவிடக் கூடாது என்று. மனித சுபாவத்தை நன்றாகத் தெரிந்துகொண்டவர்கள்!)

இதுவரை விஞ்ஞானம். தர்ம சங்கடம் இனிமேல்தான் வருகிறது. அவனுடைய எஞ்சின் சாமானியமானதல்ல. காற்றை உள்ளே திணிக்கும் சாதனம் எதுவுமின்றித் தானாகவே மூச்சை இழுத்து, இழுத்த மூச்சைப் பன்னிரண்டில் ஒரு பங்காக நசுக்கி, துளிப் பெட்ரோலும் வீணாகாமல் வேலை வாங்கிக்கொள்ளும் எஞ்சின். நசுக்க நசுக்கப் பலன் அதிகம். ஆனால் அதற்கும் ஓர் எல்லை இருக்கிறது. அந்த எல்லையைத் தாண்டினால், தீப்பொறியிலிருந்து புறப்பட்ட ஜுவாலை வந்து சேருமுன்பே மூலையில் மிஞ்சியிருக்கும் கலவை தானாக வெடித்துவிடும். சுத்தியலால் தட்டுவதுபோல் சப்தம் கேட்கும். சிறிது நேரம் அப்படியே ஓட்டினால் பிஸ்டனில் ஓட்டை விழும். அவன் எஞ்சின் அந்த எல்லைக்கு வெகு அருகில் குடியிருக்கிறது. அதன் பெருமையே அதுதான். அதனிடம் போய், இன்னும் கொஞ்சம் கொடு என்று கேட்கலாமா?

இந்த வாயுவின் சரித்திரத்திலே வேறோர் ஏடும் இருக்கிறது. இரண்டாம் உலக யுத்தத்தில் ஜெர்மானியர் இதை ஆகாய விமான எஞ்சின்களுக்குக் கொடுத்தார்கள். எங்கே கொடுத்தார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். தரையில் அல்ல, காற்று மெலிந்துபோன மிக உயரத்தில். அங்கே எஞ்சினுக்கு மூச்சு முட்டும். தரையருகே தந்த பலத்தை அங்கே தர முடியாமல் தவிக்கும். குறைந்துபோன மூச்சை அந்த வாயு ஈடு செய்தது. விமானம் போன காரியம் கொலைக் காரியந்தான். அதற்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. ஆனால் அந்த எஞ்சினைப் பொறுத்த வரையில் அது உபகாரம். வாயு ஒன்றே. மூச்சு முட்டுகிறவனுக்குக் கொடுத்தால் மருந்து. மூச்சு நிரம்பி, முழுப் பலத்தோடு ஓடிக்கொண்டிருப்பவனுக்குக் கொடுத்தால் சவுக்கு.

இதை மருமகனிடம் சொன்னேன். அவன் லேசில் விடுகிறவன் அல்லன். "நீங்கள் நினைக்கிறபடி நான் முரடன் அல்ல, மாமா. வார்த்தெடுத்த பிஸ்டனைக் கழற்றிவிட்டு, அடித்து உருவாக்கிய பிஸ்டன் போட்டிருக்கிறேன். எளிதில் வெடிக்காத உயர்ந்த ரகப் பெட்ரோல் வாங்குகிறேன். வாயு போகும்போது தீப்பொறியைச் சில டிகிரி தாமதமாகக் கொடுக்கிறேன். கொஞ்சமாகத்தான் விடுவேன். அதற்கு மேலும் உடைந்தால் உடையட்டும். என் பணம், என் எஞ்சின்!" என்றான்.

அவன் கட்சி நியாயமானதுதான். அதிலும் அந்தத் தீப்பொறி விஷயம் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. வெளியிலிருந்து பலம் வந்து சேரும் நேரத்தில், எஞ்சின் தன் சொந்த அவசரத்தைச் சற்றுக் குறைத்துக்கொள்ள வேண்டும் என்பது எவ்வளவு நாகரிகமான ஏற்பாடு! உடைந்தால் நஷ்டப்படப் போகிறவனும் அவனேதான். அவனிடம் சண்டை போட எனக்கு ஒரு காரணமும் இல்லை.

சண்டையெல்லாம் நம்மோடுதான், வாசகர்களே. நம் வீடுகளிலும் காரியாலயங்களிலும் இதே காரியம் தினந்தோறும் நடக்கிறது. தீப்பொறியைத் தாமதப்படுத்துவார் யாருமில்லை. காரியாலயத்திலே கட்டு கட்டாகப் பைல் தேங்கினால் யார் மேஜைக்குப் போகிறது? பாதி நேரம் காப்பிக் கடையில் இருப்பவர் மேஜைக்கா? அல்ல. ஏற்கெனவே ஆறரை மணி வரையில் உட்கார்ந்திருப்பவர் மேஜைக்கு! நூற்றுக்குத் தொண்ணூற்றாறு வாங்குகிற பையனைத்தான் இன்னொரு டியூஷனுக்கு அனுப்புகிறோம். வீட்டில் நாலு பெண்கள் இருந்தாலும், மாமியாரின் மருந்து, மைத்துனன் கல்யாணம், ஊரிலிருந்து வரும் விருந்து எல்லாம் மூத்த மருமகள் தலையில்தான். 'அவள் சமர்த்து, செய்துவிடுவாள்' என்கிறோம். சமர்த்து என்பதன் பொருள், அவளிடம் மிச்சம் ஒன்றும் இல்லை என்பதே. சோம்பேறியிடம் வேண்டுமானால் மிச்சம் நிறைய இருக்கும்.

இதற்கு நாம் உபயோகிக்கும் வாயு எது தெரியுமா? புகழ்ச்சி. 'உன்னால்தான் முடியும், உன்னை விட்டால் யார் இருக்கிறார்கள்?' என்கிறோம். உள்ளே போனவுடன் குளிர்ச்சியாக இருக்கிறது, பலம் வருகிறது, உற்சாகமாகச் சிரிக்கவும் வைக்கிறது. டேவி கண்டுபிடித்த மற்றொரு குணமும் அதற்கு உண்டு. வலி தெரியாது. எஞ்சினுக்காவது தட்டும் சப்தம் என்று ஒன்று கேட்கிறது. புகழ்ச்சி குடித்த மனிதனுக்குத் தன் சப்தமே தன் காதில் விழுவதில்லை. மேலும் எஞ்சின் வேறு, வால்வைத் திருகுகிற கை வேறு. உடைந்தால் 'என் எஞ்சின்' என்று சொல்லும் யோக்கியதை அந்தக் கைக்கு இல்லை.

பந்தயக் காரின் பேரிரைச்சலில் அந்தத் தட்டல் மற்றவர்களுக்கும் கேட்பதில்லையாம். ஆகையால் ஓட்டம் முடிந்ததும் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, பூதக் கண்ணாடி வைத்துக்கொண்டு அதன் வெள்ளைப் பீங்கானைப் பார்ப்பார்களாம். மிளகு தூவினாற்போல் சிறு புள்ளிகள் இருந்தால், பிஸ்டன் துகள் துகளாகக் கரைய ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். அன்றைக்கு மறுபடி ஓட்ட மாட்டார்கள்.

நம் வீட்டிலும் அந்தப் புள்ளிகள் தெரியத்தான் தெரிகின்றன. பையன் பரீட்சைக்கு முந்தின இரவு நகத்தைச் சதை வரையில் கடித்து வைத்திருக்கிறான். மருமகள் எல்லோருக்கும் பரிமாறிவிட்டுத் தட்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தவள், இரண்டு கவளத்துக்கு மேல் இறங்காமல் கையைக் கழுவிக்கொண்டு எழுந்துவிடுகிறாள். கூடத்திலிருந்து யாரோ காப்பி கேட்கிறார்கள்.