பொருளும் பிள்ளைமையும்

மாய்ந்தவர் விட்டுச் சென்ற பொருள் யார்க்கு உரித்து என்னும் வினா நீதிமன்றத்தில் எழுவது. அதன் வேரோ, உயிர்க்கும் உடைமைக்கும் உள்ள இயைபு யாது என்னும் தத்துவ வினாவாகும்.

செட்டிநாட்டு நகரத்தார், இளையாற்றங்குடி முதலிய ஒன்பது நகரக் கோயில்களைப் பற்றி வாழும் மரபினர். ஒரு கோயிலைச் சார்ந்தார் தம்முட் பங்காளிகள். மணம் முடித்தோர் தனிப் புள்ளியாக எண்ணப்படுவர். மகப்பேறில்லாதார், தம் புள்ளி அற்றுப் போகாமைப் பொருட்டு, அக்கோயிற் பிரிவிலேயே பிள்ளை கூட்டிக் கொள்வது வழக்கு. ஆதலின் ஆண்டுப் பிள்ளைமை திருக்கோயிலைப் பற்றியே நிற்கின்றது.

இராஜா சர் அண்ணாமலைச் செட்டியாரின் பெயரர் எம். ஏ. எம். இராமசாமிச் செட்டியார் 1996-ஆம் ஆண்டில் சுவீகாரம் கொண்டார். 2015-ஆம் ஆண்டில் அதனை நீக்கிவிட்டதாக வெளிப்படுத்தினார். தம் பொருளை அறக்கட்டளைகட்கு எழுதினார். அவ்வாண்டு டிசம்பர் 2-ஆம் நாள் உலகு நீத்தார். உரிமை பற்றிய வழக்குகள் தொடர்ந்தன. நியாயம் எவர்பாலது என்பது மன்றத்தார் ஆராய்ச்சிக்குரியது. ஈண்டு நோக்கற்பாலது, 1956-ஆம் ஆண்டின் இந்து சுவீகாரச் சட்டம் கூறும் இருவேறு விதிகளே. முறைப்படி நிகழ்ந்த சுவீகாரத்தைத் தந்தை நீக்குதலும் மகன் துறத்தலும் இயலா என்பது ஒன்று. சுவீகாரம் கொண்டமையால், தன் பொருளைத் தான் விரும்பியவர்க்கு எழுதும் உரிமையைத் தந்தை இழப்பதில்லை என்பது மற்றொன்று. பொருள் வேறு, பிள்ளைமை வேறு என உலகியற் சட்டமும் பிரித்துணர்ந்தது வியக்கத்தக்கது.

இப்பிரிவைச் சித்தாந்தம் மேலும் தெளிவிக்கும். தனு, கரணம், புவனம், போகம் என்னும் நான்கும் மாயையினின்று இறைவனால் தோற்றுவிக்கப்பெற்று, வினை நுகர்ச்சிக்கென உயிர்கட்குக் கூட்டப்படுவன. பொருள் போகத்தின்பாற்படும், நுகர்ச்சி முடிந்தவழி உடம்போடு ஈண்டே நின்றுவிடும். அதனை ஈட்டிய வகையான் விளைந்த புண்ணிய பாவங்களோ ஈட்டிய உயிரையே பற்றிச் செல்லும். அவற்றை மரணசாசனத்தில் எழுதி எவர்க்கும் வைத்தல் கூடாது. வழக்காடுவோர் தந்தையின் பொருளைப் பெறினும் பெறாதொழியினும், வழக்கிடைக் கொண்ட பகையும் பொய்யும் அவர்தம் ஆகாமியமாய் ஏறுதல் திண்ணம்.

அற்றேல், அனைத்தும் இறைவன் உடைமையெனின் மரணசாசனமும் மன்றமும் வேண்டா எனின், அற்றன்று. உடையான் இறைவனேயாயினும் ஆளும் பொறுப்பு உயிர்க்கு உண்டு. கணக்கிற் பற்றும் வரவும் பிழையாது காத்தல் வணிகர் கடன். மாய்ந்தவர் பட்ட கடன், அவர் நேர்ந்த மகமை, அவரை நம்பியிருந்தார் பங்கு ஆகிய இவற்றைத் தீர்த்து எஞ்சியதே வழித்தோன்றல்கட்குப் பங்கு. அக்கணக்கு நேரிதின் முடிதற்கே மன்றம் வேண்டப்படுகின்றது.

இனி, அறஞ்செய்ய விழைவார் மரணசாசனத்தை நம்பியிருத்தலினும், கண்ணிருக்கக் கொடுத்தல் சாலச் சிறந்தது. காரைக்குடியில் மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்திற்கு வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 இலட்சம் ரூபாயும் தம் வாழ்நாளிலேயே வழங்கினார். 1948-இல் கால்கோள் செய்யப்பெற்ற அந்நிலையம் 1953-இல் திறக்கப்பெற்றது. அவர் மறைந்தது 1957-இல். கொடுத்த அறம் விளைந்தமையைக் கொடுத்த கண்ணே கண்டது.

தந்தையிடமிருந்து மகன் முதற்கண் பெறுவது கடமை. பொருள் அதன்பின் வருவது. இவ்வரிசை பிறழாத இல்லத்தில், பங்கு குறையினும் உறவு குறையாது.