இளமையும் அதபும்

மாமல்லபுரத்துக் கற்பட்டறைகளில், 1957ல் அங்கு தொடங்கப்பட்ட அரசினர் கட்டடக்கலை மற்றும் சிற்பக்கலைக் கல்லூரியில் பயின்ற இளைஞர்களும், தகப்பனிடமே தொழில் கற்ற முதியவர்களும் ஒரே கூரையின் கீழ் வேலை செய்கின்றனர். அவர்கள் எதைச் செதுக்குகிறார்கள் என்பது நம் பேச்சன்று. எப்படிச் சேர்ந்து வேலை செய்கிறார்கள் என்பதே நாம் கவனிக்க வேண்டியது.

மண்ணில் பிசகினால் மறுபடியும் குழைக்கலாம். கருங்கல்லில் ஓர் அடி பிசகினால் பல வார உழைப்பு வீண். 'சொல்லும்வரை கை வைக்காதே' என்று மூத்தவர் அதட்டுவது அகந்தையால் அன்று, கல்லைக் காப்பதற்காக. ஆனால் மின்சார அறுப்பு இயந்திரம் வந்தபின், உளி பல நாள் எடுக்கும் வேலையை இருபது வயதுப் பையன் சில மணி நேரத்தில் முடித்துவிடுகிறான். வேகம் வந்ததும் வித்தையே வந்துவிட்டதாக எண்ணுகிறான். எதற்கும் 'எனக்குத் தெரியும்' என்பதே அவனது முதல் சொல்லாகிவிடுகிறது.

அதே பையன் முகமூடி அணிந்தால், 'நாங்களெல்லாம் மூக்கைக் கட்டிக்கொண்டா செதுக்கினோம்?' என்று பெரியவர் சிரிக்கிறார். இங்கே பையனே சரி! இயந்திரம் கிளப்பும் கருங்கல் தூளில் சிலிக்கா உண்டு. அது நுரையீரலைத் தழும்பாக்கும். அந்தத் தழும்பு ஆறுவதில்லை. மரியாதை கருதி அவன் வாய் மூடியிருக்க வேண்டுமா?

நாயகம் (ஸல்) அவர்கள் ஒருமுறை, இலை உதிராத ஒரு மரத்தை முஸ்லிமுக்கு உவமையாகக் கூறி, அது எது எனத் தோழர்களிடம் வினவினார்கள். அது பேரீச்ச மரம் என்று இளைஞர் இப்னு உமர் (ரலி) அவர்களுக்குத் தோன்றிற்று. ஆனால் அபூபக்ர் (ரலி), உமர் (ரலி) போன்ற பெரியோர் மௌனமாக இருக்கவே, அவரும் பேசவில்லை. பின்னர் இதையறிந்த தந்தை உமர் (ரலி), மகன் அதைச் சொல்லியிருந்தால் தமக்கு எவ்வளவோ மகிழ்ச்சியாக இருந்திருக்கும் என்றார்கள். அடக்கத்தை அவர்கள் பழிக்கவில்லை. அறிந்ததைச் சபைக்குச் சொல்லாததற்கே வருந்தினார்கள்.

செங்கல்பட்டை அடுத்து 2002ல் தொடங்கிய மகிந்திரா வேர்ல்டு சிட்டி போன்ற இடங்களில் சிக்கல் வேறு விதம். அத்தகைய அலுவலகங்களில் எவரையும் பெயர் சொல்லி அழைப்பதே வழக்கம். 'சார்' என்று சொல்லிப் பழகிய தலைமுறைக்கு அது சுருக்கென்கிறது. பெயரைச் சொல்வதில் பெரிய குற்றம் இருப்பதாக நமக்குத் தோன்றவில்லை. தகப்பன் வயதுடையவரின் பிழையை இருபத்தைந்து வயது மேலாளர் பத்துப் பேர் முன்னிலையில் எடுத்துக் காட்டுகிறாரே, அதுதான் குற்றம். அப்படியானால் இளையவர் தலைமையே தாங்கக்கூடாதா? தாராளமாகத் தாங்கலாம்!

இருபது வயதுகூட நிரம்பாத உஸாமா (ரலி) அவர்களை நாயகம் (ஸல்) அவர்கள் படைத்தளபதியாக்கியபோது சிலர் முணுமுணுத்தனர். நோயுற்றிருந்த நிலையிலும் பெருமானார் மிம்பரேறி அவரது தகுதியை எடுத்துரைத்தார்கள். பெருமானாரின் மறைவுக்குப்பின், கி.பி. 632ல் அப்படை புறப்பட்டது. உஸாமா வாகனத்தின்மீது, கலீபா அபூபக்ர் (ரலி) அவர்களோ கால்நடையாக! இளைஞர் கூசிப்போய், 'தாங்கள் ஏறுங்கள், அல்லது நான் இறங்குகிறேன்' என்றார். கலீபா இரண்டுக்கும் இசையவில்லை. படையிலிருந்த உமர் (ரலி) தமக்குத் துணையாக மதீனாவில் தேவைப்பட்டார்கள். கட்டளையிட அதிகாரமிருந்தும், அந்த இளைஞரிடம் அனுமதி கேட்டே நிறுத்திக்கொண்டார்கள். பிற்காலத்தில் தாமே கலீபாவான பின்னும், உமர் (ரலி) உஸாமாவைக் கண்டால் 'அமீரே' என்றழைத்து ஸலாம் கூறுவார்கள் என்று வரலாற்றாசிரியர்கள் எழுதுகின்றனர்.