சொல் நீங்கிய பாடல்

பங்குத் திருவிழாவின் கொடியேற்றத்துக்குப் பல வாரங்களுக்கு முன்பே விழாக் குழுவினர் நம்மிடம் வந்து விடுவார்கள். மறையுரை ஆற்ற யாரை அழைப்பது என்று அவர்கள் முதலில் கேட்பதில்லை. எந்த ஊர்ப் பேண்டு செட்டை அழைப்பது என்றே கேட்பார்கள். இதில் நமக்குச் சிறிது மனத்தாங்கல் உண்டு. ஆயினும் மக்களைக் குறைகூற இயலவில்லை. தேர்ப்பவனி ஆலய வாசலை விட்டுப் புறப்படும் நேரத்தில் கிளாரினெட்டும் டிரம்பெட்டும் சேர்ந்து ஒரு மாதா பாடலை எடுக்கும்போது, மறையுரை முழுவதும் வெளியே மரத்தடியில் நின்றிருந்தவர்கூடத் தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் எடுத்துக்கொள்வதைக் கண்டிருக்கிறோம். அப்பொழுது எவரும் பாடுவதில்லை. ஒலிப்பது மெட்டு மட்டுமே. அந்த மெட்டு செபமா, செபத்தின் நினைவு மட்டுந்தானா? சொல் நீங்கிய பின்னும் ஒரு பாடலில் புனிதம் எஞ்சி நிற்குமா? இக்கேள்வி பல ஆண்டுகளாக நம்மை உறுத்தி வருகிறது. உறுத்தலுக்குக் காரணமான நிகழ்ச்சி ஒன்றுண்டு. அதைப் பின்னர்ச் சொல்வோம்.

ஊதுகருவிகளைத் திருச்சபை எளிதில் நம்பியதில்லை. ஆரோனின் புதல்வராகிய குருக்களே வெள்ளி எக்காளங்களை ஊத வேண்டும் என எண்ணிக்கை நூல் பணித்தது உண்மைதான். ஆனால் தொடக்கத் திருச்சபை வாழ்ந்த கிரேக்க, உரோமை நகரங்களில் குழலோசை என்றால் விருந்துக் களியாட்டமும் பிற தெய்வ வழிபாடுமே நினைவுக்கு வந்தன. அலெக்சாந்திரியா கிளமெந்து போன்ற தந்தையர் கிறிஸ்தவர்களின் விருந்திலிருந்து அதை விலக்கினர். பிற்காலத்தில் ஊதுகருவிகள் படைப்பிரிவுகளோடும் ஊர்க் கொண்டாட்டங்களோடும் இணைந்துவிட, ஐயம் இன்னும் வலுத்தது. 1903ஆம் ஆண்டு நவம்பர் 22ஆம் நாள், இசைக்குப் பாதுகாவலியான புனித செசிலியம்மாளின் திருநாளன்று, திருத்தந்தை புனித பத்தாம் பத்திநாதர் திருவழிபாட்டு இசை பற்றி வெளியிட்ட ஆணைமடலில், ஆலயத்தினுள் பேண்டு இசைப்பதைக் கண்டிப்பாகத் தடை செய்தார். முரசு, தாளம், மணி போன்ற ஆரவாரக் கருவிகளும் விலக்கப்பட்டன. ஊதுகருவிகள் சிலவற்றைச் சேர்ப்பதாயின் ஆயரின் இசைவு வேண்டும். இசையும் ஆர்கனுக்குரிய அமைதியோடு இயங்க வேண்டும். ஆலயத்துக்கு வெளியே, பவனியில், ஆயர் இசைந்தால் பேண்டு வரலாம். உலகியல் பாடல்கள் மட்டும் கூடா. அங்கும் மக்கள் பாடும் ஞானப் பாடலுக்குத் துணையாக அது ஒலிப்பதே விரும்பத்தக்கது என்றார் திருத்தந்தை.

குருமடத்தில் இம்மடலைப் படித்தபோது நாம் முழு மனத்தோடு உடன்பட்டோம். சொல்லே தலைமை, இசை அதன் பணியாள் என்பது நமக்கு ஐயத்துக்கு இடமற்றதாகத் தோன்றியது. குழலும் யாழும் தெளிவாக வேறுபட்டு ஒலிக்காவிட்டால் வாசிக்கப்படுவது இன்னதென்று எவ்வாறு அறிவது என்று கொரிந்தியரிடம் புனித பவுல் கேட்கவில்லையா? புனித அகுஸ்தினாரும் தம் வாழ்க்கை அறிக்கையின் பத்தாம் நூலில், பாடப்படும் பொருளைவிடப் பாடும் குரல் தம்மை அதிகம் அசைத்துவிடும்போது தாம் பாவம் செய்ததாகவே வருந்துகிறார். இவர்களை அரணாகக் கொண்டு, நம் முதல் பங்கில் பேண்டுக்காரர்களை நாம் படுத்திய பாடு கொஞ்சமன்று. கடைத்தெருவில் ஒரு திரைப்பட மெட்டு ஒலித்ததற்காகப் பவனியையே நிறுத்தியிருக்கிறோம். தவக்காலத்தில் கிறிஸ்தவ உலகமெங்கும் பாடப்படும், முள்முடி சூடிய ஆண்டவரின் திருத்தலையைப் போற்றும் பாடலின் மெட்டு, 1601ஆம் ஆண்டு ஹான்ஸ் லியோ ஹாஸ்லர் அச்சிட்ட ஒரு காதற்பாட்டுக்கு உரியது என்பதையும், அதையே பாக் தம் மத்தேயு திருப்பாடுகளில் மீண்டும் மீண்டும் கையாண்டார் என்பதையும் அன்று நாம் அறிந்திருக்கவில்லை. அறிந்திருந்தாலும் பவனியை நிறுத்தியிருப்போம் என்றே நினைக்கிறோம்.

பத்தாம் பத்திநாதரின் மடலுக்கு முப்பத்து நான்கு ஆண்டுகளுக்கு முன்பு ஆஸ்திரியாவின் லின்ஸ் நகரில் நடந்த ஒரு திருப்பலியை இங்கே நினைவுகூர வேண்டும். ஆயர் ரூடிகியர் அமல உற்பவ அன்னைக்கு ஒரு பேராலயம் எழுப்பிக்கொண்டிருந்தார். அதன் முதற் பகுதியாகிய சிற்றாலயம் 1869ஆம் ஆண்டு செப்டம்பர் 29ஆம் நாள் நேர்ந்தளிக்கப்பட்டது. பேராலயம் முழுமை பெற்றுத் திருநிலைப்படுத்தப்பட்டது 1924இல்தான். ஆகவே திருப்பலி கட்டட வேலை நடந்த இடத்திலேயே, திறந்த வானத்தின் கீழ் நடந்தது. அதற்காக அந்தோன் புரூக்னர் இயற்றிய திருப்பலி இசையில் வயலின் முதலிய நரம்புக் கருவிகள் இல்லை. எட்டுக் குரற்பிரிவு கொண்ட பாடகர் குழுவுக்குத் துணையாகப் பதினைந்து ஊதுகருவிகள் மட்டுமே. திறந்த வெளியில் நரம்பின் ஒலி கரைந்துபோகும். மூச்சின் ஒலி நிற்கும். 'ஆண்டவரே இரக்கமாயிரும்' என்னும் பகுதியில் ஊதுகருவிகள் பெரும்பாலும் பேசாதிருக்கின்றன. மனிதக் குரல் தனித்து மன்றாடுகிறது. 'தூயவர்' பகுதியின் கருமெட்டைப் பலெஸ்திரீனாவின் திருப்பலி ஒன்றிலிருந்து புரூக்னர் எடுத்துக்கொண்டார். வெளிநாட்டில் பணியாற்றித் திரும்பிய நண்பரொருவர் தந்த குறுந்தகட்டில் இதை முதன்முதல் கேட்டபோது, பத்தாம் பத்திநாதர் கேட்ட அமைதியும் பணிவும் பேண்டுக் கருவிகளால் இயலும் என்று உணர்ந்தோம். ஆயினும் நம் கேள்வி தீரவில்லை. லின்ஸ் நகரில் சொல் இருந்தது. கருவிகள் அதற்கு அடங்கி நடந்தன. சொல்லே இல்லாதபோது?

இனி, பின்னர்ச் சொல்வதாகக் கூறிய நிகழ்ச்சி.

குருப்பட்டம் பெற்ற தொடக்க ஆண்டுகளில் நாம் பொறுப்பேற்றிருந்த ஒரு கிளைப்பங்கில் இளைஞர் ஒருவர் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். அத்தகையோருக்குத் திருச்சபையின் அடக்கச் சடங்கை மறுக்கும் விதி 1917ஆம் ஆண்டின் சட்டத் தொகுப்பில் இருந்தது. 1983ஆம் ஆண்டின் புதிய தொகுப்பில் தற்கொலை என்னும் காரணம் நீக்கப்பட்டுவிட்டது. இதை நாம் அறிவோம். தேர்வில் எழுதியும் இருக்கிறோம். ஆனால் ஊர்ப் பெரியவர்கள் சிலர் வந்து, "அது நம்ம ஊர் வழக்கமில்லீங்க சாமி, கோவிலுக்குள்ள கொண்டுவந்தா பிரச்சினையாயிடும்" என்றபோது நமக்குத் துணிவு பிறக்கவில்லை. உடலை ஆலயத்துக்குக் கொண்டுவர வேண்டாம், பாட்டு வேண்டாம், கல்லறையில் குழியை மந்திரித்துவிடுகிறோம் என்று சொல்லி அனுப்பினோம். ஊரின் சமாதானத்தைக் காத்துவிட்டதாக நம்மை நாமே மெச்சிக்கொண்டோம்.

அக்குடும்பத்தார் பக்கத்து ஊரிலிருந்து ஐந்து பேர் கொண்ட பேண்டு செட்டை அழைத்திருந்தனர். அதன் தலைவர் முதியவர், கிளாரினெட் வாசிப்பவர், கிறிஸ்தவர் அல்லர். ஊர்வலம் ஆலயத்தின் முன் நில்லாமல் கடந்து செல்ல வேண்டும் என்பது ஏற்பாடு. ஆலய வாசலுக்கு நேரே வந்ததும் அவர் நின்றார். டிரம் அடிப்பவரைக் கையசைத்து நிறுத்தினார். நம் மக்கள் அடக்க வேளைகளில் பாடும் மாதா பாடல் ஒன்றின் மெட்டைத் தனியாக, மிக மெதுவாக வாசிக்கலானார். இரண்டாம் கண்ணியில் டிரம்பெட்டும் யூபோனியமும் சேர்ந்தன. பாடுவார் இல்லை, பாடக் கூடாதென்று நாம்தாமே சொல்லியிருந்தோம். தெருவோரம் நின்ற பெண்கள் சிலருடைய உதடுகள் மட்டும் அசைந்தன.

கல்லறையிலிருந்து திரும்புகையில் அவரை அழைத்து, பாட்டு வேண்டாம் என்று சொன்னது தெரியாதா என்று கடிந்து கேட்டோம். அவர் கருவியைக் கழற்றித் துணியால் துடைத்தபடியே, "பாடத்தானே வேண்டாம்னீங்க சாமி, ஊத வேண்டாம்னு சொல்லலையே" என்றார். குரலில் எதிர்ப்பு இல்லை. உள்ளபடியே அவ்வாறு விளங்கிக்கொண்டிருக்கிறார். அந்தப் பாட்டின் சொற்கள் தெரியுமா என்றோம். "மொத அடி தெரியும். மிச்சம் ஒண்ணும் விளங்காது. செத்தவங்களுக்காகக் கேட்டுக்கிறதுன்னு தெரியும்" என்றார்.

சொற்கள் முழுவதும் நமக்குத் தெரியும். நாம் அவற்றை அடக்கிவைத்தோம். சொற்களை அறியாத ஒருவர் அந்த இளைஞருக்காகத் தம் மூச்சைக் கொடுத்தார். அன்று அவ்வூரில் திருச்சபையின் செபத்தைச் சொன்னவர் யார்?

பல நாள் கழித்து அகுஸ்தினாரையே மீண்டும் புரட்டினோம். இசைக்கு அஞ்சிய அதே அகுஸ்தினார், 'ஆண்டவருக்குப் புதிய பாடல் பாடுங்கள்' என்னும் திருப்பாடலுக்கு விளக்கம் கூறுகையில் வேறு முகம் காட்டுகிறார். அறுவடைக் களத்திலும் திராட்சைத் தோட்டத்திலும் வேலை செய்வோர் சொற்களோடு பாடத் தொடங்குகிறார்கள். உள்ளம் நிரம்பிச் சொல் போதாமற்போகும்போது அசைகளை விட்டுவிட்டு வெறும் குரலாக ஆர்ப்பரிக்கிறார்கள். சொல்லுக்கு எட்டாத இறைவனுக்கு அக்குரலைவிடப் பொருத்தமானது எது என்கிறார். அவர் பேசியது மகிழ்ச்சியைப் பற்றி. துயரத்துக்கும் அது பொருந்தும் என்பது நம் துணிபு. எவ்வாறு செபிப்பது என்று நாம் அறியாதபோது, சொல்லில் அடங்காத பெருமூச்சுகளின் வழியாகத் தூய ஆவியார் நமக்காகப் பரிந்து பேசுகிறார் என்று உரோமையருக்கு எழுதியவரும் அதே பவுல்தாம். காற்றுக்கும் மூச்சுக்கும் ஆவிக்கும் எபிரேயத்தில் 'ரூவா' என்னும் ஒரே சொல்தான் உண்டு என்பதைக் குருமடத்தில் எத்தனை முறை கேட்டிருப்போம்! பேண்டு என்பது மூச்சினால் ஒலிப்பது என்பதை அந்தப் பாடத்தோடு இணைத்துப் பார்க்க ஒரு முதியவர் ஆலய வாசலில் நிற்க வேண்டியிருந்தது.

இதனால் மெட்டு தானாகவே புனிதமாகிவிடும் என்று சொல்ல வரவில்லை. சொல் நீங்கிய மெட்டு எவர் கைக்கும் போகும். 15ஆம் நூற்றாண்டில் பொகீமிய நாட்டு ஹுசியர்கள், தங்களுக்கு எதிராக அனுப்பப்பட்ட கத்தோலிக்கச் சிலுவைப் படைகளை எதிர்த்துப் பாடிய போர்ப் பாசுரம் ஒன்றுண்டு. இறைவனின் போர்வீரர்களை அழைக்கும் அப்பாடல் தொலைவில் ஒலிக்கக் கேட்டே 1431ஆம் ஆண்டு தொமாஷ்லித்சே என்னுமிடத்தில் சிலுவைப் படை ஓடிற்று என்பது வழிவழிச் செய்தி. 1968ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் சோவியத் டாங்கிகள் பிராகு நகருக்குள் நுழைந்தபோது, அந்நகரில் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்த காரெல் ஹூசா அம்மெட்டைக் கருவாகக் கொண்டு 'பிராகு நகருக்கான இசை, 1968' என்னும் படைப்பை ஒரு கல்லூரிப் பேண்டுக்காக எழுதினார். தொடக்கத்தில் முரசு அம்மெட்டின் முதற் சுரங்களை மெல்லத் தட்ட, அதன்மேல் ஒரு சிறு குழல் பறவைபோல் பாடுகிறது. நகரத்து ஆலயங்களின் மணியோசையும் கேட்கிறது. பாசுரத்தை முழுமையாக ஹூசா எங்கும் ஒலிக்கவிடவில்லை. யான் ஹுஸ் 1415இல் கொன்ஸ்தான்சு நகரில் எரிக்கப்பட்டதையும், அவருடைய கொடிய மரணத்துக்காக 1999ஆம் ஆண்டு டிசம்பரில் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் ஆழ்ந்த வருத்தம் தெரிவித்ததையும் அறிந்த கத்தோலிக்கக் குரு ஒருவர் அதைக் கேட்கும்போது எந்தச் சொற்களை அம்மெட்டில் வைத்துக் கேட்பது? பகைவரை வீழ்த்தச் சொல்லும் சொற்களையா, மிதிபட்டோரின் மன்றாட்டையா? கேட்பவர் பொறுப்பு இங்கே பெரிது. எக்காளம் தெளிவாக ஒலிக்க வேண்டும் என்ற பவுலின் எச்சரிக்கையை ஊதுபவருக்கு மட்டும் உரியதாக நாம் இனியும் கொள்வதற்கில்லை.

பிரான்சு நாட்டு ஒலிவியே மெசியான் இக்கேள்விக்கு வேறொரு விடை வைத்திருந்தார். பாரிசின் மூவொரு கடவுள் ஆலயத்தில் 1931 முதல் 1992இல் இறக்கும்வரை ஆர்கன் இசைத்தவர் அவர். இரு உலகப் போர்களிலும் இறந்தோரின் நினைவாக 1964இல் அரசு கேட்டுக்கொண்டதன் பேரில் அவர் இயற்றிய படைப்புக்கு விசுவாச அறிக்கையிலிருந்தே தலைப்பு வைத்தார்: இறந்தோரின் உயிர்ப்பை எதிர்பார்க்கிறேன் என்பது அதன் பொருள். ஊதுகருவிகளும், 1903ஆம் ஆண்டு மடல் அஞ்சிய மணிகளும் பெருந்தாளங்களுமே அதில் உண்டு. பாடகர் எவரும் இல்லை. ஐந்து பகுதிகளுக்கும் மேலே விவிலிய வாக்குகளை எழுதி வைத்தார். முதலாவது, ஆழத்திலிருந்து கூவியழைக்கும் 130ஆம் திருப்பாடல். நான்காம் பகுதியில் உயிர்ப்புப் பெருவிழாவின் பழைய கிரகோரியன் மெட்டுகள் சொல்லின்றி எழுகின்றன. பகுதிகளுக்கிடையே நீண்ட மௌனம் வேண்டும் என்றும் விரும்பினார். 1965ஆம் ஆண்டு ஜூன் 20ஆம் நாள் அது சார்த்ரு பேராலயத்தில், குடியரசுத் தலைவர் தெகோல் முன்னிலையில் ஒலித்தது. இரண்டாம் வத்திக்கான் சங்கம், வழிபாட்டுக்குத் தகுதியுடைய பிற இசைக்கருவிகளையும் ஏற்கலாம் என்று 1963 டிசம்பரில் கூறி ஒன்றரை ஆண்டு ஆகியிருந்தது. மெசியான் சொற்களைத் தள்ளவில்லை. தாளின் மேல் எழுதிவைத்துவிட்டு, ஒலியில் அவற்றுக்கு இடம் விட்டார். கேட்பவர் அந்த மௌனத்தில் தாமே சொல்ல வேண்டும்.

அந்த இளைஞருக்காக நாம் சொல்ல வேண்டியிருந்த செபங்களை ஓராண்டுக்கு மேல் கழிந்தபின், நவம்பர் 2ஆம் நாள், கல்லறைத் திருநாளன்று சொன்னோம். ஊரார் தத்தம் குடும்பத்துக் கல்லறைகளில் மெழுகுதிரி ஏற்றிக்கொண்டிருந்தனர். சுவரோரத்தில் இருந்த அக்குழியருகே தாய் மட்டும் நின்றிருந்தார். நாம் வருவோம் என்று அவர் எதிர்பார்த்திருக்க நியாயமில்லை. நூலைத் திறந்து அடக்கச் சடங்கின் மன்றாட்டுகளை முதலிலிருந்து வாசித்து, தீர்த்தம் தெளித்து, நூலை மூடினோம். "ஒரு பாட்டுப் பாடலாமா அம்மா?" என்று கேட்டோம். அவர் பாடவில்லை. சற்று நேரம் கழித்து, அன்று ஆலய வாசலில் ஒலித்த மெட்டை வாய் திறவாமல் முனகத் தொடங்கினார். இரண்டாம் கண்ணியில் நாமும் அவ்வாறே சேர்ந்துகொண்டோம்.