முதியவரின் இருதயம்: தீர்மானிப்பவர் யார்?

"இந்த வயதிலே இனி ஒரு சத்திரசிகிச்சை தேவைதானா?" இருதய வால்வு பழுதடைந்த முதியவர் உள்ள வீட்டில் இக்கேள்வி எழாமற் போவதில்லை. ஆனால், வாசகரே, அது யாரிடம் கேட்கப்படுகிறது என்பதைக் கவனித்தீர்களா? பிள்ளைகள் வைத்தியரிடம் கேட்பார்கள். மருமக்கள் தமக்குள் கதைப்பார்கள். நோயாளியிடம் மட்டும் எவரும் கேட்பதில்லை.

முதுமையில் பெருநாடி வால்விலே சுண்ணாம்புச் சத்துப் படிந்து வாயில் ஒடுங்குகிறது. களைப்பு, நெஞ்சு நோ, மயக்கம் தோன்றும். மருந்து அவ்வாயிலைத் திறப்பதில்லை. செயற்கை வால்வு பொருத்தும் சிகிச்சை 1960இல் வெற்றி கண்டது. ஆயினும் நெஞ்சைத் திறப்பதைத் தாங்கமாட்டார்களென்று முதியோர் பலர் விலக்கப்பட்டனர். 2002இல் பிரான்சின் ரூவான் நகரில் அலன் கிரிபியே என்னும் வைத்தியர் இரத்தக்குழாய் வழியாகவே வால்வைச் செலுத்திப் பொருத்தினார். அவ்வாறு விலக்கப்பட்ட, சராசரி 83 வயதுடைய நோயாளரிடம் இம்முறை ஆராயப்பட்டது. 2010இல் வெளிவந்த முடிவின்படி, வழமையான சிகிச்சை பெற்றோரில் நூற்றுக்கு ஏறக்குறைய 51 பேர் ஓராண்டுக்குள் இறந்தனர். வால்வு பெற்றோரில் 31 பேர் இறந்தனர். ஆனால் பக்கவாதம் வால்வு பெற்றோரிடமே கூடுதலாயிருந்தது.

ஆகவே 'வயது போய்விட்டது' என்ற ஒரு சொல்லால் முடிக்கத்தக்க காரியமன்று இது. எப்பாடுபட்டும் செய்தே தீரவேண்டும் என்பதும் சரியன்று. உயிரைக் காக்கச் சாதாரண வழிகளைக் கையாளக் கடமையுண்டு. தனக்கோ பிறருக்கோ பாரதூரமான சுமையாகும் வழிகளுக்குக் கடமையில்லை என்று பாப்பரசர் 12ஆம் பத்திநாதர் 1957இல் வைத்தியர்களுக்கு விளக்கினார். அச்சுமையை அந்த உடலுக்குரியவரே முதலில் அளக்கவேண்டும். ஒருவருக்குக் கோவில்வரை இளைக்காமல் நடந்தாற் போதும். அதற்காகச் சிகிச்சையை ஏற்பார். இன்னொருவருக்கு ஆஸ்பத்திரிக் கட்டிலைவிட வீட்டுத் திண்ணையே மேல். இருவரும் பிழை செய்யவில்லை.

ஒன்றில் மட்டும் அவதானம் வேண்டும். "எனக்கு வேண்டாம், பிள்ளை" என்று தாய் சொல்லும்போது, அது அச்சத்தில் வந்த சொல்லா, சாவை அமைதியோடு ஏற்ற சொல்லா, உங்கள் காசையும் லீவையும் எண்ணிச் சொன்ன சொல்லா? மூன்றும் காதில் ஒன்றாகவே விழும். முதலாவதற்கு வைத்தியரின் விளக்கம் வேண்டும். இரண்டாவதற்கு மரியாதை வேண்டும். மூன்றாவதற்கு, தாம் பாரமல்ல என்று அவர் நம்பும்படி நீங்கள் நடக்கவேண்டும். உண்மையிலேயே வசதியில்லையென்றால் அதையும் ஒளிக்காமற் சொல்லுங்கள். இயலாமை பாவமன்று, பெற்றவரின் வயதைச் சாட்டி அதை மறைப்பதே பிழை.

தீர்மானிக்குமுன் கேளுங்கள், கேட்டபின் பொறுத்திருந்து மீண்டும் கேளுங்கள். முதியவர்கள் தம் மனத்திலுள்ளதை முதற் கேள்விக்கே சொல்லிவிடுவதில்லை.