தண்டனை எந்த வாசலில் முடிகிறது?

பெருந்துறை, திருப்பூர் வட்டாரத்தில் 'ஆட்கள் தேவை' பலகை தொங்காத ஆலை வாசல் அரிது. கோவை மத்திய சிறையில் தண்டனை முடித்த ஒருவர், உள்ளே படித்து வாங்கிய பட்டத்தோடு அந்த வாசலுக்கு வந்தால் வேலை கொடுப்பது முறையா? அதற்கு முன்னால் இன்னொரு கேள்வி நிற்கிறது: குற்றவாளிக்கு எதற்கு இலவசப் பட்டப்படிப்பு?

இதை வெறும் வயிற்றெரிச்சல் என்று தள்ளிவிட முடியாது. இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் (இக்னோ) கைதிகளிடம் கட்டணம் வாங்குவதில்லை. விசைத்தறி ஓட்டி, கடன்பட்டு மகளைக் கல்லூரிக்கு அனுப்பும் தாய்க்கு இது உறுத்தத்தான் செய்யும். அமெரிக்காவிலும் இந்த உறுத்தல் எழுந்தது. 1994-இல் கைதிகளுக்கான 'பெல்' எனும் அரசுக் கல்வி உதவித்தொகையை நிறுத்தினார்கள்; 2023-இல்தான் முழுமையாகத் திரும்பத் தந்தார்கள். ஆனால், கைதியின் புத்தகத்தைப் பிடுங்கினால் அந்தத் தாயின் கடனில் ஒரு ரூபாயும் குறையாது. அவர் கேட்க வேண்டிய நியாயம் கல்லூரிக் கட்டணத்தில் இருக்கிறது.

உயிரையோ உடைமையையோ பறிகொடுத்த குடும்பத்தின் வலி வேறு. எந்தப் பட்டமும் அதற்கு ஈடாகாது. குற்றவாளி படிக்காமல் கிடப்பதும் ஈடாகாது. ராஜீவ் காந்தி கொலை வழக்கில் தண்டனை பெற்ற பேரறிவாளனுக்கு 2022 மார்ச்சில் ஜாமீன் தந்தபோது, அவர் சிறையில் பெற்ற கல்வியையும் உச்ச நீதிமன்றம் கணக்கில் எடுத்தது. அது சரியே. அதற்காகப் படிக்காதவர் திருந்தாதவர் என்று ஆகிவிடக்கூடாது. பள்ளிப் பக்கமே போக வாய்க்காதவர்கள் சிறையில் ஏராளம்.

சிக்கல் வெளியே வந்த பிறகுதான் முற்றுகிறது. கோவையில் சிறைத்துறை நடத்தும் பெட்ரோல் பங்கில் தண்டனைக் கைதிகளே பெட்ரோல் போடுகிறார்கள். ஊர்க்காரர்கள் தயங்காமல் வண்டியை நிறுத்துகிறார்கள். கைதியாக இருக்கும்வரை நம்பப்பட்டவர், விடுதலையான மறுநாள் நம்பத் தகாதவர் ஆகிறார். சான்றிதழில் சிறையின் பெயர் இல்லாவிட்டாலும், விண்ணப்பத்தில் வேலை பார்க்காத அந்த ஆண்டுகள் காட்டிக்கொடுத்துவிடும். சிறைக்கு அனுப்பாமல் நன்னடத்தையில் விடப்பட்டவருக்குக் குற்றத்தீர்ப்பால் தகுதியிழப்பு வரக்கூடாது என்கிறது 1958-ஆம் ஆண்டுக் குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டம். சிறை சென்று மீண்டவருக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது.

முதலாளியின் அச்சமும் பொய்யல்ல. உடன் வேலை செய்பவர்களுக்கு அவர் பொறுப்பாளி. கையாடல் செய்தவரைக் கல்லாவில் உட்கார வைக்க மறுப்பது எச்சரிக்கை. அதே ஆளுக்குத் தறி ஓட்டும் வேலையையும் மறுப்பது, நீதிபதி விதிக்காத தண்டனையை ஆலை மேலாளர் விதிப்பதாகும். செய்த குற்றத்துக்கும் கேட்கும் வேலைக்கும் தொடர்பு உண்டா, வெளியே வந்து எத்தனை ஆண்டு ஆயிற்று என்று பார்ப்பதற்கு மேல் ஆலைக்கு உரிமை இல்லை. அரசும் பட்டத்தைக் கையில் கொடுத்ததோடு கடமை முடிந்தது என்று இருக்கக்கூடாது. பலரின் விடுதலைத் தேதி முன்கூட்டியே தெரிந்ததுதான். ஆலைகளோடு பேசி வேலைக்கு வழி செய்ய அத்தனை அவகாசம் இருக்கிறது.