குதிரையிடம் மறைக்க முடியாதது

விருத்தாசலத்தில் வளர்ந்த எனக்குத் தெரிந்த குதிரைகள் எல்லாம் மண் குதிரைகள். சில அய்யனார் கோயில் வாசலில் கண்ணை உருட்டிக்கொண்டு நின்றன. சில செராமிக் பட்டறைப் பலகையில் சூளைக்குக் காத்திருந்தன. பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அச்சில் களிமண் கூழை ஊற்றினால் அச்சு நீரை உறிஞ்சும். சுவரோரம் மண் கெட்டிப்படும். மீதிக் கூழைக் கொட்டிவிட்டால் உருவம் பிசகாமல் இருக்கும், உள்ளே ஒன்றும் இருக்காது.

பெண்பிள்ளைகளையும் இப்படித்தான் வார்க்கிறார்கள். காலை ஒடுக்கு, தோளைக் குறுக்கு, துப்பட்டாவைச் சரிசெய். நம் உடல் பிறர் கண்ணுக்கு எப்படித் தெரிகிறது என்பது நமக்கு அத்துப்படி. உள்ளே அது எப்படி இருக்கிறது என்று கேட்டால் விழிக்கிறோம்.

35 வயதில்தான் புதுச்சேரிப் பக்கம் ஒரு பயிற்சித் திடலில் உயிருள்ள குதிரையின் அருகே நின்றேன். பயமில்லை என்று காட்டச் சிரித்தேன். குதிரை காதைப் பின்னால் மடித்து இரண்டடி விலகியது. “மூச்ச விடுங்கக்கா” என்றாள் பயிற்சி தந்த பெண். மூச்சைப் பிடித்திருக்கிறேன் என்பதே அப்போதுதான் தெரிந்தது. தாடை இறுகியிருந்தது, குதிகால் தரையில் பதியவில்லை. மூச்சை விட்டு நின்றேன். சற்று நேரத்தில் அதன் காது என் பக்கம் திரும்பியது.

இதில் மாயம் இல்லை. 1900களின் தொடக்கத்தில் பெர்லினில் ஹான்ஸ் என்ற குதிரை, குளம்பைத் தட்டிக் கணக்குக்கு விடை சொல்வதாகப் பேர் பெற்றது. ஆஸ்கர் ஃபுங்ஸ்ட் என்பவர் அதைச் சோதித்து 1907இல் எழுதினார். கேட்பவருக்கே விடை தெரியாதபோது குதிரைக்கும் தெரியவில்லை. சரியான எண் வந்ததும் கேட்பவரின் தலை அவரை அறியாமல் துளி அசையும். அதைப் பார்த்துத்தான் ஹான்ஸ் தட்டுவதை நிறுத்தியது.

வேட்டையாடப்படும் விலங்குக்கு அடுத்த உடலைப் படிப்பது உயிர்ப் பிரச்சினை. நமக்கும் அந்த வித்தை தெரியும். வாசலில் செருப்பு விழும் சத்தத்தில் வீட்டுக்காரரின் கோபத்தை அளந்துவிடுவோம். ஆனால் அந்தக் கூர்மையை நம் பக்கம் திருப்பியதில்லை. இன்னொரு வித்தியாசமும் உண்டு: வேண்டாம் என்றால் குதிரை காதை மடிக்கும். நாம் சிரிப்போம்.

உடலைக் கவனிப்பது வசதியுள்ளவர்களின் பொழுதுபோக்கா? நாள் முழுக்கக் குனிந்து பொம்மையின் பிசிறு சீவி, ஈர ஸ்பாஞ்சால் துடைக்கும் பெண்ணிடம் ‘மூச்சைக் கவனி’ என்பது கேலி இல்லையா? வலியைப் பொறுத்துக்கொள்ளச் சொல்லித்தந்தால் கேலிதான். வலிக்கிறது என்று தனக்கே சொல்லிக்கொள்ள உதவினால், அது வேறு.

ஊருக்குப் போனபோது பட்டறையில் அத்தையின் பக்கத்தில் உட்கார்ந்து, “எங்க வலிக்குது அத்த?” என்று கேட்டேன்.

“வலியா? அதெல்லாம் பழகிப்போச்சு.”

நான் பேசாமல் இருந்தேன். வேலை செய்துகொண்டிருந்த கை மெல்ல நின்று இடுப்புக்குப் போனது.

“இங்கதான். ரொம்ப நாளா.”

கொஞ்ச நேரம் கழித்துப் பலகையைப் பார்த்தார். “இத ஒரு சாண் ஒசத்திப் போடச் சொல்லணும்டி. எல்லாருக்குமே.”