குடும்பும் வார்டும்: மாமன்றத்தின் அளவு குறித்த அறவியல் நோக்கு

மாநகராட்சி மாமன்றத்தில் எத்தனை உறுப்பினர் இருத்தல் தகும் என்னும் வினா பெரும்பாலும் நிருவாகக் கணக்காகவே பேசப்படுகிறது. குடிமக்கள் ஒருவர் இயல்பை மற்றவர் அறியும் அளவிலேயே நகரம் அமைதல் வேண்டும் என்பது அரிஸ்டாட்டிலின் கருத்து. அவ்வறிவு இல்லாதவிடத்துத் தேர்வும் தீர்ப்பும் பிழைபடும் என்பதனால், அளவு பற்றிய வினா அறம் பற்றிய வினாவும் ஆகிறது.

மும்பை மாமன்றத்தின் 227 இடங்கள் 2021இல் 236 ஆக உயர்த்தப்பட்டு, 2022இல் மீண்டும் 227 ஆக்கப்பட்டன. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி மும்பையின் மக்கள்தொகை 1,24,42,373. எனவே ஓர் உறுப்பினருக்கு ஏறத்தாழ 55,000 பேர். தாணே மாவட்டத்து உல்லாஸ்நகரிலோ 5,06,098 பேருக்கு 78 உறுப்பினர். அதாவது ஒருவருக்கு ஏறத்தாழ 6,500 பேர். எனினும், 2017 தேர்தலில் அங்கு ஒரு வார்டுக்குப் பெரும்பாலும் நால்வர் தேர்ந்தெடுக்கப்பெற்றனர். குழாயில் நீர் வாராவிடில் நால்வருள் எவரைக் கேட்பது என்னும் ஐயம் இதனால் எழுகிறது. எண்ணிக்கை மிகுதலால் மட்டும் பொறுப்பு நெருங்கி வருவதில்லை.

பொறுப்பை வரையறுத்த முறைக்கு உத்தரமேரூர்க் கல்வெட்டுகள் (கி.பி. 919, 921) சான்றாகின்றன. ஊர் 30 குடும்புகளாகப் பகுக்கப்பட்டுக் குடும்புக்கு ஒருவர் குடவோலைவழித் தெரிவு செய்யப்பட்டார். வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவர்தம் உறவினரும் விலக்கப்பட்டனர். ஆயினும், கால் வேலிக்கு மேற்பட்ட இறைநிலமும் சொந்த மனையும் தகுதிகளாக வைக்கப்பட்டமையால் நிலமற்றோர்க்கு அங்கு இடமில்லை. அம்முறையின் பெருமையை மட்டும் எடுத்துரைத்து இவ்விலக்கை மறைப்பது ஆய்வாகாது.

இதே சிக்கல் இன்றைய குடியிருப்போர் சங்கங்களிலும் காணப்படுகிறது. 1997இல் மும்பையில் தொடங்கிய ஏ.எல்.எம். குழுக்கள் குப்பை மேலாண்மையில் தெருவளவில் பயன் விளைத்தன. ஆனால் சங்கத்தின் குரல் வீட்டுடைமையாளர் குரலாகவே சுருங்குமாயின், அயலிலுள்ள குடிசைவாசியும் வாடகைக்கு இருப்பவரும் அதில் இடம்பெறார். தாதரும் தாராவியும் ஜி வடக்கு என்னும் ஒரே நிருவாக வார்டுக்குள் அடங்குவன என்பது இங்குக் கருதத்தக்கது. மாமன்ற உறுப்பினரை இருபகுதியினரும் வாக்களித்துத் தெரிவு செய்கின்றனர். சங்கத்துக்கு அத்தகைய கட்டளை இல்லை.

ஆகவே, சங்கம் வினவும் உரிமை உடையது. முடிவெடுக்கும் உரிமை அனைவரும் வாக்களித்த மன்றத்துக்கே உரியது. மூன்று இலக்கம் மக்களுக்கு மேற்பட்ட நகரங்களில் வார்டுக் குழுக்களை அமைக்கப் பணிக்கும் 74ஆம் அரசியலமைப்புத் திருத்தம் (1992) இவ்விரண்டையும் இணைக்கும் வழியைத் திறந்துள்ளது. மாமன்றத்தின் தக்க அளவு யாது எனின், மிக எளிய குடிமகனும் தனக்கு விடைகூறக் கடமைப்பட்ட ஒருவரை இன்னார் என்று அறிந்து அணுக இயலும் அளவே எனலாம்.